வாசிக்கும் வேகம்

ஓரியன்டியரிங் வரைபடத்தில் பழுப்பு நிறக் கோடுகளை வாசிக்கும் பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிந்தி வந்தது. நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். குடாநாடு முழுக்கத் தட்டையான நிலம். பனங்கூடல், வேலி, கோயில், சந்தி என்று அடையாளம் வைத்துத்தான் வழி பிடிப்போம். நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று யாரும் யாருக்கும் வழி சொன்னதில்லை. புவியியல் பாடத்தில் சமவுயரக் கோடு கீறிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை ஒரு மேடாகக் காலில் உணர்ந்தது ஒஸ்லோவுக்கு வந்த பிறகுதான். வேலையிடத்து நண்பர் ஒருவர் கோடை மாலை ஒன்றில், நிறுவன ஊழியர்களுக்கான போட்டிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று என் கண்ணில் பட்டவை பாதையும் ஏரியும் மட்டுமே. இப்போது வரைபடம் கைக்கு வந்தவுடன் முதலில் பழுப்பைத்தான் தேடுகிறேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேரம் வந்து நம்மை அனுப்பும்போதுதான் வரைபடம் கையில் கிடைக்கும். ஊதா நிற முக்கோணம் தொடக்கம், இரட்டை வட்டம் முடிவு, நடுவில் எண்ணிட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும், காட்டுக்குள், ஒரு பாறையின் பக்கத்திலோ பள்ளத்தின் தலைப்பிலோ செம்மஞ்சளும் வெள்ளையுமான ஒரு சிறிய கொடி தொங்கும். நோர்வேயில் அதைப் போஸ்ட் என்போம். வரிசை மாறாமல் எல்லாப் போஸ்ட்டுகளுக்கும் போய், கையில் உள்ள மின்னணு அட்டையைப் பதிந்துவிட்டு வர வேண்டும். இடையில் எந்த வழியால் போவது என்பது முழுக்க ஓடுபவரின் முடிவு. கையில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும். செய்மதி வழிகாட்டியைப் பார்த்து ஓட அனுமதி இல்லை. தனிநபர் போட்டிகளில் ஒரே பிரிவில் இருப்பவர்களை இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். காட்டுக்குள் இறங்கிய பிறகு அநேகமாகத் தனிமைதான்.

முதலாவது பொதுப் போட்டி நடந்தது 1897 ஒக்டோபர் 31இல், இதே ஒஸ்லோவின் புறத்தே. அப்போது நகரத்தின் பெயர் கிறிஸ்டியானியா. துயால்வே என்ற விளையாட்டுக் கழகம் நடத்தியது. எட்டுப் பேர் ஓடினார்கள். 1919இல் சுவீடனில் ஏர்ன்ஸ்ட் கிலான்டர் என்ற இராணுவ அதிகாரி ஸ்டொக்ஹோமுக்கு அருகே நடத்திய போட்டிக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சர்வதேசச் சம்மேளனம் 1961இல் கோப்பன்ஹேகனில் உருவானது. ஆரம்ப காலத்தில் ஓடியவர்கள் அரசாங்கத்தின் சாதாரண வரைபடத்தை வைத்துத்தான் ஓடினார்கள். அதில் தனிப் பாறையோ சிறு திட்டியோ இராது. இந்த ஓட்டத்துக்கென்றே வண்ணத்தில் அச்சிட்ட வரைபடங்கள் நோர்வேயில் 1950இல் வந்தன. வரைபடம் நுணுக்கமாக ஆக ஆக, போஸ்ட்டை வைக்கும் இடமும் நுணுக்கமாகியது. அந்த மாற்றம்தான் இதை ஓட்டப் போட்டி என்பதிலிருந்து வாசிப்புப் போட்டியாக ஆக்கியது என்பது என் எண்ணம்.

இன்றைய காட்டு வரைபடம் 1:15000 அல்லது 1:10000 அளவில் இருக்கும். மூத்தோர் பிரிவுகளுக்குக் கண்ணுக்கு இலகுவாக 1:7500. சமவுயரக் கோடுகளுக்கு இடையே பொதுவாக ஐந்து மீற்றர். வெள்ளை நிறம் என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. பச்சை கடுக்கக் கடுக்க அடர்த்தி கூடுகிறது. கடும் பச்சைக்குள் போனால் கையால் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மஞ்சள் வெளி, நீலம் தண்ணீரும் சதுப்பும், கறுப்பு பாறையும் பாதையும். இப்போது விமானத்திலிருந்து லேசர் மூலம் அளந்த உயரத் தரவு அடிப்படையாகக் கிடைக்கிறது. இருந்தாலும் வரைபவர் ஒருவர் காடு முழுக்க நடந்து, எந்தப் பாறையைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார். எல்லாவற்றையும் காட்டினால் ஓடிக்கொண்டே வாசிக்க முடியாது. ஒரு நல்ல வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது அந்த மனிதரின் தெரிவுகளை நான் மதிக்கிறேன். அவர் விட்டதற்கு மேல் நான் இன்னும் விட வேண்டும் என்பதுதான் கடைசியாக ஓடிய போட்டிகள் எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது.

ஒஸ்லோவின் கிழக்கே ஒஸ்ட்மார்காக் காடு இருக்கிறது. அதன் ஒரு பகுதி 2023இல் தேசியப் பூங்காவானது. அங்கே நிலம் வடக்குத் தெற்காக ஒடுங்கிய மலைமுதுகுகளாக நீண்டு கிடக்கிறது. இரண்டு முதுகுகளுக்கு நடுவே சதுப்போ நீளமான ஒரு குளமோ. உச்சியில் வெறும் பாறையும் பைன் மரமும், பள்ளத்தில் ஸ்புரூஸ் மரமும் பாசியும். முதுகின் நெடுகே ஓடுவது இலகு. ஆனால் பாதை வகுப்பவர் அப்படி விடமாட்டார். குறுக்கே, கிழக்கு மேற்காக, முதுகு மாறி முதுகு தாண்ட வைப்பார். ஒவ்வொரு தாண்டலிலும் ஏறி, இறங்கி, சதுப்பைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். முதுகுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாவதா நான்காவதா என்ற கணக்கு குழம்பினால், பிழையான முதுகில் நின்றுகொண்டு வரைபடம் சரியாகப் பொருந்துகிறது என்று நம்பத் தொடங்கிவிடுவோம். இணையாகக் கிடக்கும் முதுகுகளில் வரும் இந்தக் குழப்பத்தில் நிமிடக்கணக்காக நேரம் இழப்பது உலக வெற்றிவீரர்களுக்கும் நடக்கிறது.

இந்த வசந்தத்தில் அந்தக் காட்டில் ஒரு நடுத்தூரப் போட்டி ஓடினேன். நடுத்தூரம் என்றால் சிறந்த வீரர்கள் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும் தூரம்; போஸ்ட்டுகள் நெருக்கமாக இருக்கும், ஓய்வாக ஓட இடமே இராது. நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு ஏறத்தாழ 600 மீற்றர், மூன்று முதுகுகளுக்குக் குறுக்கே. வரைபடத்தில் அந்தத் துண்டுக்குள் மட்டும் பாறைகள், சிறு செங்குத்துகள், திட்டிகள் என்று கறுப்பும் பழுப்புமாக நெருக்கமாகக் கிடந்தது. அத்தனையையும் வாசித்துக்கொண்டு போனால் நடந்துதான் போகலாம். நான் எடுத்தவை மூன்று: முதல் முதுகு தாழ்கிற இடம், அதற்கப்பால் தெற்கே வால்போல் நீளும் சதுப்பு, மூன்றாவது முதுகின் மேல் தனியாக நிற்கும் பெரிய மேடு. அந்த மேட்டைக் கண்டால் போஸ்ட் அதற்கு எழுபது மீற்றர் தென்கிழக்கே, ஒரு சிறு பள்ளத்தில். மேடு வரைக்கும் முழு வேகம். மேட்டிலிருந்து வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கோட்டையும் வாசித்துக்கொண்டு. இப்படி ஒரு மேட்டைத் தாக்குமுனை என்போம். வட்டத்துக்கு வெளியே, தவறவிட முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் கழகத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. இன்றும் தன் வயதுப் பிரிவில் ஓடுகிறார். நோர்வேயில் வயது பார்த்து மரியாதைப் பன்மை கொடுப்பதில்லை, எல்லாரும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு அது வாயில் வருவதற்கே சில வருடம் எடுத்தது. ஒருநாள் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீ எத்தனை கல்லைப் பார்த்தாய்?” என்று கேட்டார். பார்த்ததையெல்லாம் சொன்னேன். “எதற்கு? பெரிய மேடு எது என்று முதலில் சொல்லு. அதுவரைக்கும் ஓடு. கல்லை அங்கே போய்ப் பார்க்கலாம்.” அவர் வேகமாக ஓடுவதில்லை, ஓட முடிகிற வயதும் இல்லை. ஆனால் காட்டில் அவர் தயங்கி நின்று நான் பார்த்ததில்லை. அவருடைய நேரத்தையும் அவரைவிட முப்பது வயது இளையவர்களின் நேரத்தையும் துண்டு துண்டாக ஒப்பிட்டால், ஓட்டத்தில் அவர் இழப்பதில் ஒரு பகுதியைப் போஸ்ட் வட்டத்துக்குள் மீட்டுக்கொள்வது தெரியும்.

வேகத்தைப் பற்றி எனக்கு இப்போது உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. மூச்சு ஒரு எல்லையைத் தாண்டியதும் கண் வரைபடத்தைப் பார்க்கும், ஆனால் மூளை எடுத்துக்கொள்ளாது. ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருப்போம். ஏற்றத்தின் உச்சியில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே செங்குத்தான ஏற்றங்களில் நான் நடக்கிறேன். நடக்கும் அந்த நேரத்தில் அடுத்த துண்டை மட்டுமல்ல, அதற்கு அடுத்ததையும் வாசித்து முடித்துவிடுவேன். நல்ல பாதை கிடைத்தாலும் அப்படித்தான்: கால் தானாக ஓடும், கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். மடித்த வரைபடத்தில் நிற்கிற இடத்தின் மேல் பெருவிரல் எப்போதும் இருக்க வேண்டும். விரல் நகர்ந்தால்தான் நான் நகர்ந்ததாக அர்த்தம். போஸ்ட்டிலிருந்து வெளியேறும் முதல் இருபது மீற்றரில் திசைகாட்டியின் முள்ளை ஒருமுறை பார்ப்பதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறேன். பிழைகளில் பெரும்பகுதி அந்த இருபது மீற்றரில், கொடியைக் கண்ட மகிழ்ச்சியில் யோசிக்காமல் பாய்ந்து ஓடும்போதுதான் தொடங்குகிறது.

இரவு ஓட்டம் வேறு உலகம். நவம்பர் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் பின்னேரம் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து போகும் பயிற்சி எல்லாம் நெற்றி விளக்கோடுதான். விளக்கின் வட்டத்துக்கு அப்பால் எதுவும் இல்லை. தூரத்து மேடு என்று ஒன்றைக் குறிவைக்க முடியாது. வெளிச்சம் கண்ணின் திசையிலிருந்தே போவதால் நிழல் விழாது, சிறு பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். அப்போது இரண்டு விடயங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று திசைகாட்டி. இரண்டு அடிக்கணக்கு: நல்ல தரையில் 100 மீற்றருக்கு எனக்கு ஏறத்தாழ 40 இரட்டை அடிகள், பற்றையும் கல்லுமான காட்டில் 50க்கு மேல். மூன்றாவதாகக் காலையும் சேர்க்கலாம். பாதத்தின் சாய்வு, முழங்காலில் ஏறும் பாரம், சதுப்பின் ஈரம் இவையெல்லாம் தகவல். தட்டை நிலத்துப் பிள்ளையான எனக்குச் சமவுயரக் கோட்டை உடம்பில் பதித்தது பகல் போட்டிகளைவிட இந்த இரவுப் பயிற்சிகள்தான். சாய்வில் ஒரே உயரத்தில் ஓடுவது எவ்வளவு கடினம் என்பதும் இருட்டில்தான் தெரிந்தது. உடம்பு தன்னை அறியாமல் கீழே சரிந்துகொண்டே போகும். ஆகையால் குறிவைத்ததற்குச் சற்று மேலாகப் பிடித்து ஓட வேண்டும்.

பயிற்சிக்கென்று கழகத்தில் சில வகை வரைபடங்களை அச்சிடுகிறோம். பழுப்புக் கோடுகளை மட்டும் விட்டு மற்ற நிறங்களையெல்லாம் அழித்துவிட்ட வரைபடம் ஒன்று. அதில் பாதை இல்லை, சதுப்பு இல்லை, பாறை இல்லை. நிலத்தின் வடிவம் ஒன்றே துணை. இன்னொன்றில் வரைபடம் முழுதும் வெள்ளையாக இருக்கும், ஓட வேண்டிய ஒடுங்கிய பட்டை மட்டும் தெரியும். பட்டையை விட்டு வெளியே போனால் நிற்கும் இடம் தாளில் இல்லை. நினைவுப் பயிற்சியில் அடுத்த துண்டின் படம் போஸ்ட்டிலேயே தொங்கும். அதைப் பார்த்து மனதில் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்று இதைவிடக் கறாராகப் பழக்கும் பயிற்சி வேறு இல்லை. மூன்று விடயத்துக்கு மேல் யாராலும் கொண்டுபோக முடியாது. பெரிய போட்டிகளில் நான் துண்டுக்கு மூன்று என்று எடுக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். குளிர்காலத்தில் காட்டில் பனி நிறைந்ததும் பனிச்சறுக்கில் மூச்சைப் பழக்குவோம். வாசிப்பை வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையில் பழைய வரைபடங்களை வைத்துச் செய்கிறேன்.

யூன் மாதத்தில் பின்லாந்தின் யூகோலா அஞ்சலோட்டத்துக்கு எங்கள் கழகமும் போனது. 1949இலிருந்து நடக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறொரு ஊரில். ஓர் அணியில் ஏழு பேர். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு எல்லா அணிகளின் முதல் ஓட்டக்காரர்களும் ஒன்றாகப் புறப்படுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெற்றி விளக்குகள் ஒரே வயலிலிருந்து காட்டுக்குள் இறங்கும். பெண்களின் வென்லா அஞ்சலோட்டம் நால்வர் கொண்டது. 1978இல் தொடங்கி, அதே நாள் பகலில் நடக்கிறது. உலக வெற்றிவீரர் ஓடும் அதே காட்டில், அதே போட்டியில், கழகத்தின் பின்வரிசை அணிக்காக நானும் ஓடுகிறேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. எனக்குத் தெரிந்து இப்படிச் சாதாரண ஓட்டக்காரருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் பெரும்போட்டிகள் மற்ற விளையாட்டுகளில் குறைவு.

அங்கே பெரிய சோதனை பிறர் முதுகு. முன்னால் விளக்குகள் வரிசையாகப் போகும்போது பின்தொடர்ந்து போக ஆசை வரும். அதற்காகவே பாதைகளைக் கிளை பிரித்து வைப்பார்கள்: அடுத்தடுத்து ஓடும் இருவருக்குச் சில போஸ்ட்டுகள் வேறு வேறு. அணி முழுவதுக்கும் கூட்டினால் எல்லாரும் ஓடும் தூரம் ஒன்றுதான், ஆனால் இந்தச் சுற்றில் முன்னால் போகிறவர் எனக்குரிய போஸ்ட்டுக்குத்தான் போகிறார் என்று எந்த உறுதியும் இல்லை. இந்த வருடம் அந்த வரிசைகளுக்குள் ஓடிக்கொண்டே என் மூன்று அடையாளங்களை நானே பிடித்துக்கொண்டு போனேன். கூட்டம் இடப்பக்கம் சரிந்தபோது, முள்ளைப் பார்த்து, சதுப்பின் வாலைக் கண்டு, நேரே போனேன். போஸ்ட் அங்கே இருந்தது. அந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

இந்த விளையாட்டில் நான் பெரிதும் மதிக்கும் விதி ஒன்று உண்டு. காட்டில் காயப்பட்டவரைக் கண்டால் நின்று உதவுவது கட்டாயம், போட்டி எந்த நிலையில் இருந்தாலும். 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்சில் உலக வெற்றிவீரர் போட்டியின் ஆண்கள் அஞ்சலோட்டத்தில், கடைசிச் சுற்றில் சுவீடனின் மார்ட்டின் யோஹன்சனின் தொடையில் ஒரு கட்டை ஆழமாகக் குத்திவிட்டது. பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த பிரான்ஸின் தியெரி கெயோர்ஜியூ, நோர்வேயின் அண்டர்ஸ் நோர்ட்பர்க், செக் நாட்டின் மிகல் ஸ்மோலா மூவரும் ஓட்டத்தைக் கைவிட்டு அவருக்கு உதவினார்கள். கழகத்துக்கு வரும் சிறுவர்களுக்கு முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு இன்னொன்றும்: இடையில் விட்டுவிட்டாலும் முடிவிடத்துக்கு வந்து பதிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அமைப்பாளர்கள் இரவு முழுக்கத் தேடுவார்கள்.

என் வாசிப்பு அண்மையில் கூர்மையானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கழகம் நடத்திய போட்டியில் போஸ்ட்டுகளைக் கொண்டுபோய் வைக்கும் குழுவில் சேர்ந்தேன். 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்க்கைச் சட்டப்படி நோர்வேயின் காடுகளில் யாரும் சுதந்திரமாக நடக்கலாம், ஓடலாம். போட்டி நடத்துவதென்றால் நில உரிமையாளர்களோடு பேச வேண்டும். செப்டம்பர் 25இல் தொடங்கும் மூஸ் மான் வேட்டைக் காலத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் திகதி பார்க்க வேண்டும். அதெல்லாம் மூத்தவர்களின் பொறுப்பு. என் வேலை, குறித்துக் கட்டிய நாடாவைத் தேடிப் போய், அந்த இடம் வரைபடத்தில் உள்ள இடம்தானா என்று சுயமாக உறுதி செய்து, கொடியைத் தொங்கவிடுவது. நிதானமாக, ஒரே மேட்டை நான்கு பக்கமிருந்தும் பார்த்தேன். மேற்கிலிருந்து வருபவருக்குக் கொடி தூரத்திலேயே தெரிகிறது. கிழக்கிலிருந்து வருபவருக்குக் கைக்கெட்டும் தூரம் வரை மறைந்திருக்கிறது. பாதை வகுத்தவர் எந்தப் பக்கமிருந்து வரச் செய்கிறார், ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நீண்ட துண்டு ஒன்றுக்குப் பிறகு மூன்று குறுந்துண்டுகள் வைப்பதும் திட்டமிட்டுத்தான். நீண்ட துண்டில் பழகிய வேகத்தைக் குறைக்காமல் வருபவரை அது பிடித்து நிறுத்தும்.

போட்டி முடிந்ததும் நான் சென்ற வழியை வரைபடத்தில் பேனையால் கீறுவேன், கைக்கடிகாரப் பதிவைப் பார்க்கும் முன். பிறகுதான் பதிவை மேலே வைத்து ஒப்பிடுவது. எங்கே என் கோடும் உண்மையான தடமும் விலகுகின்றனவோ, அங்கே நான் வாசித்ததாக நினைத்து வாசிக்காமல் ஓடியிருக்கிறேன் என்று தெரியும். இப்போது லைவ்லொக்ஸ் என்ற இணையத்தளத்தில் ஒரே பிரிவினர் அத்தனை பேரின் தடங்களையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கலாம். அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் பேனைக் கோடு இல்லாமல் அதை மட்டும் பார்ப்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். திரையில் ஓடும் புள்ளி போன இடத்தைக் காட்டும். அந்த நேரத்தில் தலைக்குள் என்ன இருந்தது என்பது பேனையில்தான் வரும்.

மகளுக்கு இதெல்லாம் இயல்பாகவே வருகிறது. இங்கே பிறந்தவள், நடக்கப் பழகியதே சாய்வில். பழுப்புக் கோட்டைப் பார்த்தால் அவளுக்கு உடனே மேடு தெரிகிறது. எனக்கு முதலில் கோடு, பிறகு யோசனை, பிறகு மேடு. வருகிற மாதம் நூர்ட்மார்காக் காட்டில் நீண்டதூரப் போட்டி இருக்கிறது. போட்டி நடக்கும் பகுதிக்குள் போகத் தடை அறிவித்துவிட்டார்கள், ஆனால் பழைய வரைபடம் கிடைக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பாதை வகுப்பவர் எங்கே நீண்ட துண்டை வைப்பார் என்று இருவரும் ஊகித்துப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய குன்று. வலப்பக்கம் வண்டிப்பாதை இருக்கிறது, சுற்று. ஆனால் ஏற்றம் குறைவு. நான் அதைத்தான் எடுப்பேன் என்றேன். “இல்லை அப்பா, இடப்பக்கம். இந்தத் தாழ்விடத்தால் ஏறினால் நாலு கோடுதான், அங்காலே முழுக்க வெள்ளை” என்கிறாள். கோடுகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. அவள் இன்னும் நாலு என்றே நிற்கிறாள். நாளைக்குப் பூதக்கண்ணாடியோடு மறுபடி எண்ணுவதாக இருக்கிறோம்.